85-க்கு இறுக்கிய நட்டுக்கு 330 எதற்கு?

கார் வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேட்டரி இம்பாக்ட் கன், அதாவது நட்டைக் கழற்றி இறுக்கும் பேட்டரி மெஷின், பற்றிய பேச்சு வராமல் இருக்காது. யாரிடம் எது இருக்கிறது, எத்தனை நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அளவு), என்ன விலைக்குக் கிடைத்தது என்று ஆரம்பித்து, "வாங்குறதுதான் வாங்குற, பெருசாவே வாங்கிடு" என்பதில் போய் முடியும். இந்தக் கடைசி யோசனை எனக்கு ஒப்பவே இல்லை. என்னிடம் இருப்பது பழைய வேகன்ஆர். அதன் கையேட்டில் வீல் நட்டை 85 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கச் சொல்லியிருக்கிறது. கடையில் எடுத்துக் காட்டும் கன்னோ ஆயிரத்தைத் தாண்டுகிறது. 85-க்கு இறுக்கிய நட்டைக் கழற்ற ஆயிரம் எதற்கு? அதே சமயம், 150 போதும் என்று சின்னதாக ஒன்றை வாங்கிவந்து, நட்டு அசையாமல் மூலையில் போட்டுவிட்டவர்களும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கையேடு சொல்வதும் கடைக்காரர் சொல்வதும் இவ்வளவு தூரம் விலகி நிற்க ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும். அது தெரியாமல் காசு போடக் கூடாது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மேற்கொண்டு தள்ளிப்போட முடியாமல் செய்தது என் மனைவிக்கு நேர்ந்த ஒரு பஞ்சர். அவள் எண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். தண்டையார்பேட்டையிலிருந்து எக்ஸ்பிரஸ் ரோடு வழியாகப் போய்வருவாள். அந்த ரோட்டைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை, இன்னொரு பக்கம் ஓயாத கன்டெய்னர் லாரிகள். ஒருநாள் சாயங்காலம் அங்கே பின் டயர் இறங்கிவிட்டது. ஸ்டெப்னி மாற்ற அவளுக்கு நன்றாகத் தெரியும். முக்கோணத்தை வைத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டியிருக்கிறாள். அசையவில்லை. காலை வைத்து அழுத்தியிருக்கிறாள், ஏறி நின்றிருக்கிறாள். ஸ்பேனர்தான் நழுவிக் கீழே விழுந்ததே தவிர ஒரு நட்டும் இளகவில்லை. கடைசியில் வரிசையில் நின்றிருந்த ஒரு டிரெய்லர் டிரைவர் இறங்கிவந்து, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, எம்பி எம்பிக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். அந்த வண்டிக்குப் புது டயர் போட்டு அப்போது அதிக நாள்கூட ஆகவில்லை. ஒரு டயர் கடையில் காற்று அழுத்தத்தில் ஓடும் கன்னால் மாட்டிக் கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் கேட்டது ஒரே கேள்வி. "எனக்கு மாத்தத் தெரியும், ஸ்பேனர் இருக்கு, டயர் இருக்கு. ஆனா கழட்ட முடியலன்னா இதெல்லாம் வண்டியில எதுக்கு?"

நான் அதுவரை கன்னை என் வேலைக்கான சாமானாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் பேட் மாற்றுவது, டயர்களை இடம் மாற்றிப் போடுவது, அடியில் புஷ் பார்ப்பது எல்லாம் நானே செய்வது வழக்கம். அவள் கேட்ட பிறகு எனக்கு மனதில் நின்றது வேறு கணக்கு. என் காரில் இருக்கும் ஒவ்வொரு வீல் நட்டும், காரோடு வந்த ஸ்பேனரால், அதை ஓட்டுகிறவர் கையால் கழல வேண்டும். எந்த கன் வாங்குவது என்பதை இங்கேயிருந்துதான் யோசிக்க வேண்டும் என்று தோன்றியது.

சாக்பீஸ் கோடு

மேல்வீட்டு அண்ணன் எண்ணூரில் ஒரு லாரி கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பகுதியில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள், பெரம்பூரில் ரயில் பெட்டி என்று தலைமுறை தலைமுறையாக இரும்போடு பழகிய கைகள். பஞ்சர் விஷயத்தைச் சொன்னதும் அவர் கன்னைப் பற்றிப் பேசவே இல்லை. உள்ளே போய் நீளமான ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துவந்தார். அதில் அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச் இருந்தது. கைப்பிடியைத் திருகி எந்த எண்ணில் வைக்கிறோமோ, அந்த அளவு விசை வந்ததும் 'கட்' என்று ஒரு தட்டு தட்டும் ரகம். 40-இல் ஆரம்பித்து 210 வரை போகும்.

வண்டி தெருவில் வேப்பமரத்தடியில் நின்றது. அண்ணன் ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து, முன் சக்கரத்தில் ஒவ்வொரு நட்டிலிருந்தும் ரிம் வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தார். நட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ரெஞ்சை 85-இல் வைத்து இறுக்கும் பக்கமாக இழுத்தார். கட். கோடு அப்படியே இருந்தது. அதாவது நட்டு ஏற்கெனவே 85-க்கு மேல் இறுகியிருக்கிறது. 120-இல் வைத்தார். கட். 160-இல் வைத்தார். கட். கைப்பிடியைக் கடைசி வரைக்கும் திருகி 210-க்குக் கொண்டுவந்து, ஒரு காலைப் பின்னுக்கு ஊன்றி இழுத்தார். கட். குனிந்து பார்த்தோம். நான்கு நட்டிலும் வெள்ளைக் கோடு ஒரு நூல்கூட விலகவில்லை.

"தம்பி, இது இறுக்கினது இல்ல, கொன்னு வச்சிருக்கான். அந்தப் பொண்ணு எப்படிப்பா கழட்டும்?" என்றார்.

கார் ஸ்பேனரின் நீளத்தை அளந்து பார்த்தேன், சுமார் 28 சென்டிமீட்டர். 85 நியூட்டன் மீட்டர் நட்டை இளக்க அதன் நுனியில் 31 கிலோ பாரம் இருந்தால் ஆயிற்று. காலால் ஊன்றி அழுத்தினால் யாருக்கும் முடியும். 210 என்றால் 76 கிலோ. ஸ்பேனர் மேல் ஏறி முழு உடம்பையும் கொடுத்து நின்றாலும் என் மனைவிக்கு அந்த எடை கிடையாது. எங்கள் நட்டோ 210-ஐயும் தாண்டியிருந்தது. அவள் பலம் போதவில்லை என்று நான் ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் அது பெரிய அநியாயம். கார் கம்பெனி கணக்குப் போட்டுத்தான் அந்த நீளத்தில் ஸ்பேனர் கொடுத்திருக்கிறது. 85-க்கு இறுக்கினால் அந்த ஸ்பேனர் போதும். கணக்கைக் கெடுத்தது நடுவில் வந்த கன்.

இதில் எங்கள் ஊர்க் காற்றுக்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கேட் கீல், ஜன்னல் கம்பி, ஏசி வெளி யூனிட் எதுவும் உப்புக்காற்றுக்குத் தப்புவதில்லை. வீல் நட்டு மட்டும் தப்புமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அச்சு மூழ்கத் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. துரு ஏறிய மறை, இறுக்கிய விசைக்கு மேலேயும் ஒரு பிடி பிடித்துக்கொள்ளும். ஆகவே எங்கள் நட்டில் இருந்தது முழுக்கக் கடைக்காரர் கொடுத்த இறுக்கம் என்று நான் சொல்லவில்லை. கழற்றுகிறவனுக்கு அந்தப் பாகப்பிரிவினை முக்கியமும் இல்லை. எவ்வளவு விசை கொடுத்தால் நட்டு இளகும் என்பதுதான் அவனுக்கு வேண்டும். அந்தச் சாக்பீஸ் கோடு எனக்கு அதைத்தான் கொடுத்தது. 210-க்கு மேலே, ஆனால் ஒரு டிரைவர் குழாய் போட்டு எம்பினால் கழலும் அளவு. ஆயிரத்துக்கு இதில் வேலையே இல்லை.

கம்பியா, கன்னா

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வீல் நட்டு மட்டுமே பிரச்சினை என்றால் கன் வேண்டாம். இரண்டடி நீளக் கம்பி ஒன்று, அதன் நுனியில் மாட்டச் சரியான சாக்கெட் ஒன்று. 60 சென்டிமீட்டர் கம்பியின் நுனியில் 40 கிலோ கொடுத்தால் 235 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். சார்ஜ் தீராது, கெட்டுப்போகாது, விலையும் கன்னோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. நாங்கள் அப்படி ஒரு கம்பியை உடனே வாங்கி ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டோம். ரோட்டில் நிற்கிறவருக்கு உதவப்போவது அந்தக் கம்பிதான். கன் வீட்டில் அல்லவா இருக்கும்?

அப்புறம் ஏன் கன்? காரின் அடியில் படுத்து வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்திவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் போல்ட்டிலோ பிரேக்கைப் பிடித்திருக்கும் கேலிப்பர் பிராக்கெட் போல்ட்டிலோ இரண்டடிக் கம்பியை மாட்டி முழுப் பலத்தோடு இழுத்தால், அந்த இழுவை போல்ட்டோடு நிற்காது. வண்டியையே அசைக்கும். சமதளமான ஷெட்டில் பரவாயில்லை. எங்களைப் போலத் தெருவோரத்தில், சாய்வான சிமென்ட் தரையில் வேலை பார்க்கிறவன் தூக்கி நிறுத்திய வண்டியை ஆட்டக் கூடாது. இதற்காகத்தான் இம்பாக்ட் கன். உள்ளே மோட்டார் ஒரு சுத்தியலைச் சுழற்றுகிறது. நட்டு எதிர்த்து நிற்கும்போது அந்தச் சுத்தியல் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்வாங்கி, துள்ளி முன்னால் வந்து சாக்கெட் மாட்டியிருக்கும் தண்டின் காதில் அடிக்கிறது. நிமிடத்துக்கு மூவாயிரத்துக்கும் மேல் அப்படி அடி விழும். ஆணியைக் கட்டைவிரலால் அழுத்துவதற்கும் சுத்தியலால் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் கம்பிக்கும் கன்னுக்கும். 300 நியூட்டன் மீட்டர் நட்டுக்குப் போகும், நம் மணிக்கட்டுக்கு அதில் கொஞ்சம்தான் திரும்பி வரும், வண்டியும் ஆடாது. துருவேறிய போல்ட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கம்பியால் ஒரே இழுப்பாக இழுத்தால் சில சமயம் போல்ட்டே முறுக்கி ஒடிந்துவிடும். படபடவென்று அடி விழும்போது துரு உதிர்ந்து மறை விடுபடும்.

செம்புதாஸ் தெருவில் படித்த எண்கள்

பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் கால் வலிக்க அலைந்தேன். முதலில் கண்ணில் படுவது பெயர் தெரியாத கம்பெனிகளின் பெட்டிகள். சூட்கேஸ் மாதிரி பெட்டி, இரண்டு பேட்டரி, சாக்கெட்டுகள் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்துவிடும். மேலே பெரிய எழுத்தில் 88, 128 என்று போட்டு, பக்கத்தில் 'விஎஃப்' என்று இருக்கும். வாங்குகிறவர் அதை 128 வோல்ட் என்று எடுத்துக்கொள்கிறார். ஒரு கடையில் சார்ஜரை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவுட்புட் 21 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருந்தது. லித்தியம் அயான் செல் ஒன்று சாதாரணமாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட், முழு சார்ஜில் 21. நிஜமாகவே 128 வோல்ட் வேண்டுமென்றால் 35 செல்லுக்கு மேல் கோக்க வேண்டும். ஒரு செல் சுமார் 45 கிராம் என்றாலும் செல்களின் எடையே ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பேட்டரிக்குள் அது நடக்கிற காரியமா? வோல்ட்டிலேயே இப்படி என்றால் அதே பெட்டியில் போட்டிருக்கும் நியூட்டன் மீட்டரை நான் எப்படி நம்புவது? இந்தப் பெட்டிகளை வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள். அவர்களிடம் பொய் எண்ணைக் காட்டி விற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஒரு கம்பெனி 18 என்று போடுவதும் இன்னொரு கம்பெனி '20 மேக்ஸ்' என்று போடுவதும்கூட அதே ஐந்து செல்தான். அது எப்போது அளந்தது என்பதில் வரும் வித்தியாசம். அதனால் வோல்ட்டை வைத்து ஒன்றைவிட இன்னொன்று உசத்தி என்று பார்க்க வேண்டியதே இல்லை.

பெயர் தெரிந்த கம்பெனிகளிலும் எண்ணைக் கவனமாகத்தான் படிக்க வேண்டும். இறுக்கும் திறன் ஒன்று, இறுகிய நட்டை உடைத்துக் கழற்றும் திறன் ஒன்று என்று இரண்டு எண்கள் உண்டு. இரண்டாவது வழக்கமாகப் பெரியது, விளம்பரத்தில் முன்னால் நிற்பதும் பல சமயம் அதுதான். மகிதா டிடிடபிள்யூ 300 என்பது இறுக்க 330, கழற்ற 580. போஷ் ஜிடிஎஸ் 18வி-400 என்பது இறுக்க 400, கழற்ற 650. அதே மகிதாவின் டிடிடபிள்யூ 1001 இறுக்குவதிலேயே ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு கம்பெனியின் இறுக்கும் எண்ணை இன்னொரு கம்பெனியின் கழற்றும் எண்ணோடு வைத்துப் பார்த்தால் முடிவு தப்பாகிவிடும். நான் எல்லாவற்றுக்கும் சின்ன எண்ணையே கணக்கில் எடுத்தேன். காரணம், அந்த எண்கள் எல்லாம் நல்ல பேட்டரி, முழு சார்ஜ், சாக்கெட் நேராகத் தண்டில் மாட்டியிருக்கும் நிலைக்கு உரியவை. நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் ராடு வந்தாலே ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் அந்த ராடு முறுகுவதிலேயே போய்விடும். சின்ன பேட்டரி போட்டாலும் அடி குறையும். ஐந்தே செல் இருக்கும் 2 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி, கன் கேட்கும் கரன்டைக் கொடுக்கத் திணறும். பத்து செல் இருக்கும் 4, 5 ஏஎச் பேட்டரியில் பாரம் பங்கு போட்டுக்கொள்ளப்படுவதால் வோல்ட் அவ்வளவு இறங்காது. பெரிய பேட்டரி என்றால் அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அடியே பலமாக விழும் என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது.

இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் என் வண்டிக்குப் பொருந்தும் இடம் தெளிவாகிவிட்டது. என் நட்டுகள் 210-க்கு மேல் கேட்கின்றன. ராடு, பேட்டரி, துரு எல்லாவற்றுக்கும் இடம் விட்டால் இறுக்கும் திறனில் 300 முதல் 400 வரை. அதற்கு மேலே போனால் எனக்குக் கிடைப்பது எடை மட்டும்தான். ஆயிரம் நியூட்டன் மீட்டர் கன்னைப் பேட்டரியோடு ஒரு கையில் தூக்கிப் பார்த்தேன், மூன்றரைக் கிலோ இருக்கும். மல்லாந்து படுத்து அதை முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு வேலை பார்ப்பதை நினைத்துப் பார்த்தால் போதும். நீளமும் அதிகம் என்பதால் வீல் ஆர்ச்சுக்குள் திரும்பாது. லாரிக்கும் ஜேசிபிக்கும் வேலை பார்க்கிறவர்கள் அதை வாங்கட்டும், அவர்களுக்கு அது தேவை. 19 மில்லி நட்டு போட்ட சின்ன காருக்கு அதை விற்கிற கடைக்காரர் நமக்கு நல்லது செய்யவில்லை.

நான் டிடிடபிள்யூ 300-ஐ எடுத்தேன். அண்ணன் வீட்டு டிரில் மெஷினும் அதே கம்பெனியின் 18 வோல்ட் என்பது ஒரு காரணம், பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே வேறு கம்பெனியின் பேட்டரி இருந்தால் அதிலேயே 300, 400 ரகத்தைத் தேடுங்கள். பேட்டரிக்குத் தனியாகக் காசு போட வேண்டாம், வெறும் கன் மட்டும் வாங்கினால் போதும். இன்னொரு காரணம், வேகத்தை நாலு படியாகக் குறைத்து வைக்க முடிவது. கழற்றும்போது நட்டு இளகியதும் தானே நின்றுவிடும் வசதியும் இதில் இருக்கிறது. கேட்கச் சின்ன விஷயம், ஆனால் நட்டு தெறித்துச் சாக்கடைக்குள் போகாமல் காப்பாற்றுவது அதுதான்.

கன்னுக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு சாக்கெட்டுக்குப் போடுங்கள். பளபளவென்று குரோம் பூசிய சாதாரண சாக்கெட் கைக்கு மட்டும்தான். கன்னில் மாட்டி அடித்தால் வெடித்துச் சில்லு பறக்கும், கண்ணுக்கு ஆபத்து. கறுப்பாக, தடிமனாக இருக்கும் இம்பாக்ட் சாக்கெட்தான் வேண்டும். மாருதிக்கு 19, ஹூண்டாய்க்கு 21. அலாய் வீல் என்றால் வெளியே பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய ரகம் கிடைக்கிறது, ரிம் கீறாது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கன்னைத் தொடாதீர்கள். காதுக்கு இயர் பிளக் வையுங்கள், சத்தம் கொஞ்சநஞ்சம் இல்லை. எங்கள் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ராத்திரி வேலை பார்ப்பது சரியும் இல்லை. பேட்டரியைக் காருக்குள் போட்டு வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் இருக்கும் சூடு லித்தியம் செல்லின் ஆயுளைத் தின்றுவிடும்.

கழற்ற கன், இறுக்க கை

முதல் வேலையாக நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். முன் இடது சக்கரத்தில் கன்னை வைத்து விசையை அழுத்தியபோது முதலில் அடி மட்டும் விழுந்தது, நட்டு நின்ற இடத்தில் நின்றது. அடிக்க அடிக்கச் சத்தத்தின் சுருதி மாறியது, சட்டென்று பிடி விட்டு 'டர்ர்' என்று சுழன்று வெளியே வந்தது. நட்டைக் கையில் எடுத்தால் சூடு. அதன் கூம்பு முகத்தில் பழுப்புத் துரு, மறையின் முதல் இரண்டு சுற்று மழுங்கியிருந்தது. அந்த ஸ்டட்டையும் (நட்டு திருகி ஏறும் தண்டு) நட்டையும் அண்ணன் மாற்றச் சொல்லிவிட்டார். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்டட் இழுபட்டுப்போகும், ஒருமுறை இழுபட்டது மறுபடி பழைய பிடியைக் கொடுக்காது. பிரேக் டிஸ்க்கும் கோணி, பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும். 'டைட்டா இருந்தா நல்லதுதானே' என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மாட்டும்போது கன்னை ஓரமாக வைத்துவிட்டோம். கம்பி பிரஷால் மறையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நட்டை விரலாலேயே கடைசி வரை திருகி, எதிரெதிராக மாற்றி மாற்றி ஸ்பேனரால் பிடிக்கவைத்து, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் 85. கடலோரத்தில் இருக்கிறோமே என்று ஸ்டட்டில் கிரீஸ் தடவும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அண்ணன் அதைக் கண்டிப்பாகத் தடுத்தார். 85 என்பது காய்ந்த மறைக்குச் சொன்ன எண். கிரீஸ் போட்டால் வழுக்கும், ரெஞ்ச் 85-இல் தட்டும்போது ஸ்டட் அதைவிட அதிகம் இழுபட்டிருக்கும். ரிம் வந்து உட்காரும் ஹப் முகத்தில், ஸ்டட்டுகளில் படாமல், மெலிதாக ஒரு பூச்சு பூசினால் துருவில் ரிம் ஒட்டிக்கொள்ளாது, அது போதும் என்றார். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை ரெஞ்சை வைத்துப் பார்க்க வேண்டும். ரெஞ்சைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் கைப்பிடியைத் திருகி ஆகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வைக்க வேண்டும், ஸ்பிரிங் அமுங்கியே கிடந்தால் அளவு கெட்டுவிடும்.

கன்னால் கழற்றக் கூடாதவையும் இருக்கின்றன. ஆயில் டிரெய்ன் போல்ட் சுமார் 35 நியூட்டன் மீட்டர்தான், அது போய் உட்கார்வது மறையோடு கூடிய மெல்லிய தொட்டியில். ஸ்பார்க் பிளக் அலுமினியத்துக்குள் இருக்கிறது. கேலிப்பர் பின் சின்னது. இவற்றுக்குக் கை, இல்லையென்றால் சின்ன ராட்செட். கையில் கன் வந்ததும் எல்லாவற்றிலும் வைத்துப் பார்க்கத் தோன்றும், அந்த ஆசையை அடக்கத் தெரியாதவர் கன் வாங்காமல் இருப்பதே காருக்கு நல்லது.

எல்லாம் முடிந்த பிறகு மனைவியைக் கீழே கூப்பிட்டேன். காரோடு வந்த அதே ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டி, வலது காலை வைத்து ஒரே அழுத்து. 'கிரிக்' என்று நட்டு இளகியது. அவள் அதோடு விடவில்லை. நான்கு சக்கரத்தையும் சுற்றிவந்து ஒவ்வொரு நட்டாக இளக்கிப் பார்த்தாள், பிறகு டார்க் ரெஞ்சை வாங்கித் தானே 85-க்குத் திரும்ப இறுக்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்த கன்னின் எண்ணிலும் காட்ட முடியாது.

போன மாதம் அலைன்மென்ட் பார்க்க வேறொரு டயர் கடைக்குப் போனபோது ரெஞ்சையும் கூடவே எடுத்துப் போனேன். காற்று கன்னோடு வந்த பையனிடம், "தம்பி, லேசா புடிக்க வச்சிட்டு விட்டுடுங்க, கடைசில இதால இறுக்கிக்கலாம்" என்றேன். அவன் தயங்கினான். "லூசாகி வீலு கழண்டுச்சுன்னா என்னைத்தாண்ணே கேப்பாங்க" என்றான். அவன் பயம் நியாயமானது. இறுக்கம் போதாமல் சக்கரம் கழன்றால் அவன் வேலை போகும். அளவுக்கு மீறி இறுக்கியதால் யாரோ ஒருவர் ராத்திரி ரோட்டில் நின்றால் அது அவன் காதுக்கே வராது. எது சரியான அளவு என்று காட்டும் சாமானையும் யாரும் அவன் கையில் கொடுக்கவில்லை. ரெஞ்சை 85-இல் வைத்து அவனிடமே கொடுத்தேன். முதல் நட்டில் தட்டியதும் நிமிர்ந்து பார்த்தான். "அவ்ளோதானாண்ணே?" என்றான். கையேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். மீதி நட்டுகளை அவனே முடித்தான். பின்னால் நின்றிருந்த ஐ10-க்கு எவ்வளவு என்று கேட்டான். அந்த வண்டிக்காரரிடம் கையேட்டை வாங்கிப் பார்க்கச் சொன்னேன். அவர் டேஷ்போர்டைத் திறந்து தேட ஆரம்பித்தார். நான் கிளம்பும்போது கடை முதலாளி ரெஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து விலை கேட்டார். செம்புதாஸ் தெருவில் எந்தக் கடை என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.